யானைக் கொட்டிலில் கிடைத்த விமானம்: வாசகர் கேள்வி – பதில்

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பறந்த இரட்டை இறக்கைப் போர் விமானங்களைத் தேடிக் கண்டுபிடித்துப் புதுப்பிப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அரைப் பக்கக் குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வருமென நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, விடையளிக்கக் கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் கரைக்கு எதிரே மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பல், இரட்டை இறக்கை விமானங்களைச் சுமப்பதற்காகவே கட்டப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அதன் வயிற்றுக்குள் அந்த விமானங்கள் இன்னும் இருக்குமா? இருக்கும் என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார்.

மாமனாரின் மனம் நோகாதபடி சொல்லுங்கள்: கப்பல் மூழ்கிய அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, ஜப்பானியத் தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு ஹேர்மிஸ் அவசரமாகக் கிளம்பியபோது, அதற்குரிய சுவோட்பிஷ் விமானங்கள் சீனன்குடாவில் கரையிலேயே நின்றன. மறுநாள் காலை மட்டக்களப்புக் கடலில் ஜப்பானியக் குண்டு விமானங்கள் அதைச் சூழ்ந்துகொண்டபோது, எதிர்த்து மேலெழ ஒரு விமானமும் இல்லாத விமானந்தாங்கியாகவே அது நின்றது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரியான வம்பயரும் அதே நாளில் மூழ்கியது. ஆகவே ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கும் அந்த உடலில் தேடுவோருக்கு விமானம் கிடைக்காது.

ஆனால் அதன் தளத்திலிருந்து முன்னர் பறந்தவற்றைப் பற்றிக் கேட்டால் கதை நீளும். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் ஹேர்மிஸ். நமது கல்லடிப் பாலம் திறக்கப்பட்ட அதே 1924ஆம் ஆண்டிலேயே அது சேவைக்கு வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பெயரி மூன்று-டீ, பிளைகேச்சர், பெயரி மூன்று-எப், ஹோக்கர் ஒஸ்பிரே, பெயரி சீல், இறுதியாகச் சுவோட்பிஷ் என ரகம் ரகமாக இரட்டை இறக்கை விமானங்கள் அதில் ஏறி இறங்கின. இவற்றில் இன்று எஞ்சியவை எவை என்று பார்த்தால் கணக்கு மிகவும் ஏழ்மையானது. பெயரி மூன்று-டீ ஒன்று லிஸ்பனில் உள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1922இல் இரு போர்த்துக்கீசர் தென் அத்திலாந்திக்கைக் கடந்த பயணத்தின் நினைவாகப் பேணப்பட்டதால்தான் அது பிழைத்தது. பிளைகேச்சரில் அசல் ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தின் யோவில்ற்றன் அருங்காட்சியகத்தில் இருப்பது பிற்காலத்தில் கட்டிய பிரதி. எந்தத் துண்டும் பதின்மூன்றரை அடிக்கு மேல் நீளாதபடி கழற்றிவிடக் கூடியதாக வடிவமைத்த விமானம் அது. கப்பலின் கீழறையில் அடுக்குவதற்கு அவ்வளவு வசதியாக இருந்தது, பழைய இரும்புக்குப் போடவும் அவ்வளவே வசதியாகிவிட்டது. பறக்கும் நிலையில் சுவோட்பிஷ் மட்டும் தப்பியது. அது 1944 வரை கட்டப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 2,400. யோவில்ற்றனில் இன்றும் பறக்கும் நிலையில் பேணப்படுபவை அவற்றின் மிச்சம்.

சீனன்குடாவில் 1939 ஓகஸ்ட்டில் அமைக்கப்பட்ட 273ஆம் படையணி வைத்திருந்தவையும் இரட்டை இறக்கைகளே: விக்கர்ஸ் வில்ட்பீஸ்ட், பெயரி சீல். கரையோரக் காவலுக்கும் நீர்மூழ்கிக் குண்டெறியவும் உரிய பெரிய, மெதுவான விமானங்கள். வில்ட்பீஸ்ட்டின் பாகங்கள் நியூசிலாந்து விமானப்படையின் விக்ரம் அருங்காட்சியகத்தில் உள்ளன. மாமனாருக்குத் தேடல் ஆசை இருந்தால், ஹேர்மிஸை விட்டுவிட்டுச் சீனன்குடாவைச் சுற்றியுள்ள பழைய வேலிகளையும் கோழிக்கூடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கைவிட்ட விமானத்தின் குழாய்களும் தகடுகளும் எந்த நாட்டிலும் முதலிற் போய்ச் சேருமிடம் அதுதான்.

காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகர்: யானைக் கொட்டிலுக்குள் விமானம் கிடைத்தது என்று என் நண்பர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா, அல்லது பெட்டிக்கடைப் பேச்சா?

உண்மை. இடம் ராஜஸ்தானில் உள்ள பீகானேர், ஜுனாகர் கோட்டை. முதலாம் உலகப் போர் முடிந்தபின் தன்னிடம் மிகுதியாகக் கிடந்த விமானங்களைப் பிரித்தானிய அரசு தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தது. அந்தப் பங்கில் டீ.எச்.9 ரகக் குண்டு விமானங்கள் சில, போரில் துணைநின்ற மகாராஜா கங்கா சிங்குக்குப் போயின. பின்னர் அவற்றை எல்லோரும் மறந்துபோனார்கள். 1990களில் கோட்டையைப் பார்க்கப் போன வெளிநாட்டுப் பயணி ஒருவரின் கண்ணில், முன்னர் யானைகள் கட்டிய கொட்டிலில் கிடந்த எலும்புக்கூடுகள் பட்டன. செய்தி இங்கிலாந்தில் இத்தொழிலே கதியென்றிருந்தவர்களின் காதுக்கு எட்டியது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் இரண்டு விமானங்களின் எச்சங்கள் இங்கிலாந்துக்குப் போக, இன்னொன்று கோட்டையிலேயே காட்சிக்கு நிற்கிறது.

மரப்பாகங்களைக் கறையான் தின்றிருந்தது. நம்மூர்க் கறையானைத் தெரிந்தவருக்கு இதன் பொருள் விளங்கும்: கைபட்டால் மரம்போலத் தோன்றியது மாவாகும். ஆயினும் உலோகப் பொருத்துகளும், உக்கிய மரத்தின் வடிவமும் அளவெடுக்கப் போதுமானவையாக இருந்தன. ஒன்று 2007இல் டக்ஸ்போர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மற்றது, ஈ8894 என்ற இலக்கமுடையது, 2019 மே மாதத்தில் மீண்டும் பறந்தது. டீ.எச்.9 வரையப்பட்டது 1917இல் என்பதால் அது போர்க்காலப் பிறப்பே. ஆனால் 1920களின் குடியேற்ற நாட்டு விமானப்படைகளை ஓட்டியது அதுதான் என்பதால் இப்பகுதியில் சேர்த்துக்கொண்டேன்.

இதே வகைக் கதை காபூலிலும் உண்டு. 1938இல் ஆப்கானிஸ்தான் வாங்கிய ஹோக்கர் ஹைன்ட் விமானங்களில் சில அங்கேயே கிடந்தன. அவற்றில் ஒன்றை ஆப்கானியர் 1970இல் இங்கிலாந்தின் ஷட்டில்வேர்த் சேகரிப்புக்கு அன்பளிப்பாகக் கொடுக்க, அதை லொறியில் ஏற்றி ஏறத்தாழ 6,000 மைல் தரைவழியாகவே கொண்டுபோனார்கள். 1981இல் அது பறந்தது. பிரித்தானியா தன் ஹைன்ட்டுகளைப் பயிற்சிக்கூடங்களில் கழற்றியும், போர்க்கால உலோகத் தேவைக்கு உருக்கியும் தீர்த்துவிட்டது. பணமில்லாததால் எதையும் வீசாத நாடுகளில்தான் அவை மிஞ்சின. சுவீடன், பின்லாந்து, தென்னாபிரிக்கா என்று தேடுவோர் அலைவதற்கும் காரணம் இதுவே.

மருதமுனையிலிருந்து ஒரு வாசகி: மூன்று தலைமுறையாக நாங்கள் தறிக்காரர். அந்த விமானங்களின் இறக்கை துணியால் ஆனது என்று வாசித்தேன். என்ன நூல், என்ன நெசவு? காற்றில் கிழியாதா?

சகோதரி, இந்தக் கேள்விக்காகவே இம்மாதப் பகுதியை எழுதலாம் என்று தோன்றியது.

பிரித்தானிய விமானங்களுக்கு ஐரிஷ் லினன், அதாவது ஆளி நார் நூலில் நெய்த துணி. அமெரிக்கர் ‘தரம் ஏ’ என்று பெயரிட்ட பருத்தித் துணியைப் பயன்படுத்தினர். இரண்டுமே சாதாரண நெசவுதான். பாவும் ஊடும் ஒன்றுவிட்டொன்று. வேறுபாடு ஒழுங்கில் இருக்கிறது. பருத்தித் துணியில் ஓர் அங்குலத்துக்கு எண்பது இழைகளுக்குக் குறையாமல், பாவிலும் ஊடிலும் ஏறத்தாழ ஒரே பலம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்த சேலை உடுத்தக்கூடும், ஒரு பக்கம் தளர்ந்த இறக்கைத் துணி பறக்காது.

துணியை உறைபோல் தைத்து இறக்கைக் கூட்டின் மேல் இழுத்து, ஒவ்வொரு விலா எலும்பிலும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டத்தில்) மெழுகிட்ட நூலால் தைக்கிறார்கள். இறக்கையின் மேற்பரப்பில் இருந்து நீண்ட ஊசி ஒன்று நேராகக் கீழே இறங்கும்; கீழே குந்தியிருக்கும் துணையாள் அதைப் பிடித்து விலாவின் மறுபுறமாக மேலே திருப்பி அனுப்புவார். சில அங்குலங்களுக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் அடுத்தது நிற்கும்படி ஒவ்வொன்றும் தனித்தனியே இறுக்கப்படும். ஓர் இறக்கைக்கு நூற்றுக்கணக்கான முடிச்சுகள். எழுப்ப ஒருவர், இறக்க ஒருவர் என்று இருவர் நாள்முழுதும் பேசாமல் செய்யும் வேலை இது. அத்தையும் மருமகளுமாகப் பாவோட்டுபவர்களுக்கு இந்த இசைவு புதிதாகத் தோன்றாது.

பின்னர் அதன்மேல் ‘டோப்’ என்னும் செல்லுலோசுக் கலவை பூசுவார்கள். நீங்கள் நூலுக்கு இடும் கஞ்சி காய்ந்தால் நூல் விறைப்பதுபோல, இது காய்கையில் துணி சுருங்கி மேளத்தோல்போல் இறுகுகிறது. விரலால் சுண்டினால் ஓசை கேட்கும். முதற் பூச்சுகளுக்கு மேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு வரும். அழகுக்காக மட்டுமல்ல: லினனையும் பருத்தியையும் தின்பது வெயிலின் புறஊதாக் கதிர், அலுமினியத் தூள் அதைத் திருப்பி அனுப்புகிறது.

வாவிக்கரையில் இவ்வேலையைச் செய்யத் துணிபவருக்கு ஓர் எச்சரிக்கை. ஈரக்காற்றில் டோப் பூசினால் கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். அந்த இடம் பலமிழந்தது என்று பொருள். மார்கழி மழையில் மட்டக்களப்பில் டோப் பூசலாமா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். இன்று பலர் இத்தொல்லை வேண்டாமென்று, இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே சுருங்கும் பொலியெஸ்டர்த் துணிக்கு மாறிவிட்டார்கள். அது நீடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அருகில் நின்று பார்க்கும்போது, லினனுக்குரிய அந்த நூல்முடிச்சுப் புடைப்புகள் அதில் இல்லை என்பது தறிக்காரர் கண்ணுக்கு உடனே தெரியும்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு மீனவர்: சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வலையில் துளையிட்ட அலுமினியத் தகடும் குழாயும் சேர்ந்து வந்தன. வீட்டில் இருக்கின்றன. விமானத் துண்டென்று எப்படித் தெரிந்துகொள்வது? நன்றாக மினுக்கி வைக்கலாமா?

தயவுசெய்து மினுக்க வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஏறாவூர்ப் பக்கம் பழைய இரும்பு சேர்க்கும் ஒருவரிடம் ஒருமுறை ஒரு சிறு உலோகத் தகட்டைப் பார்த்தேன். விளிம்பில் எழுத்துகள் பொறித்திருந்தன, வெளிச்சம் போதாததால் மறுநாள் வருகிறேன் என்றேன். எனக்கு உதவி செய்கிறேன் என்று எண்ணி அவர் அன்றிரவே உப்புத்தாளால் உரசி வெள்ளி போல் பளபளக்க வைத்திருந்தார். எழுத்துகள் போய்விட்டன. அது எந்த விமானத்தினது, விமானத்தினதுதானா என்பதைக்கூட இனி எவராலும் சொல்ல முடியாது. பிழை என்னுடையது, அன்றே ஒரு மெழுகுத் தீக்குச்சி கொளுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை இவை: தகட்டின் ஓரத்திலும் பொருத்துகளிலும் சிறிய இலக்கங்கள், பரிசோதகர் அடித்த வட்டமான முத்திரைகள், பூச்சின் எச்சம். குழாயின் வடிவமும் பேசும். ஹோக்கர் விமானங்களில் உருண்டைக் குழாய்களின் முனைகளை மட்டும் சதுரமாக உருட்டி, இருபுறமும் தட்டையான தகடு வைத்து மரையாணியால் இறுக்கினர், காய்ச்சி ஒட்டவில்லை. ஆகவே நடுவே உருண்டையாகவும் நுனியில் சதுரமாகவும் இருக்கும் உருக்குக் குழாய் கிடைத்தால் எனக்கு உடனே எழுதுங்கள். வெறும் அலுமினியத் தகடு என்றால், அது 1942இன் எந்த விமானத்தினதாகவும், படகொன்றின் பாகமாகவும் இருக்கலாம்.

கடலிலிருந்து வந்தது காற்றில் காய்ந்தால்தான் கேடு தொடங்கும். உள்ளே ஊறிய உப்பு, ஈரமும் காற்றும் சேரும்போது உலோகத்தைப் படை படையாக உரிக்கிறது. உங்களுடையது ஏற்கெனவே காய்ந்துவிட்டதால், இனி உலர்ந்த இடத்தில், உப்புக் காற்றுப் படாமல் வையுங்கள். புதிதாக வலையில் வந்தால் நல்ல தண்ணீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி, தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆய்வுகூடங்களில் இந்த உப்பகற்றல் மாதக்கணக்கில் நடக்கும். அமெரிக்கக் கடற்படையின் கிரம்மன் எப்3எப் என்ற இரட்டை இறக்கை விமானம் 1940இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு அப்பால் கடலில் இறங்கி மூழ்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் தூக்கப்பட்ட அது, இப்போது பென்சகோலா அருங்காட்சியகத்தில் புதியதுபோல் நிற்கிறது. ஆழமும் குளிரும் அதைக் காத்தன. நமது கரையோர வெதுநீர் அவ்வளவு இரக்கமுடையதல்ல.

வலையில் தானாக வந்தது வேறு, தேடிப்போய் எடுப்பது வேறு. மூழ்கிய போர்க்கப்பல் அதன் நாட்டுக்கே உரியது, மாண்டோரின் கல்லறையும் அதுதான். ஹேர்மிஸிலிருந்து ஒரு மரையாணியைக்கூடக் கழற்றக் கூடாது. கண்டதை காலியில் உள்ள கடல்சார் தொல்லியல் பிரிவுக்கு அறிவிப்பதே முறை. எந்த இடத்தில், எத்தனை பாக ஆழத்தில் வலை விழுந்தது என்பதையும் எழுதி வையுங்கள். இடம் தெரியாத துண்டு பாதி ஊமை.

பொத்துவிலிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, இப்படித் தேடலில் இறங்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

காட்டில் அல்ல, தம்பி, காகிதத்தில். இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துப் பிரித்தானியப் போர் விமானம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட தனி அடையாளம் உண்டு. எடுத்துக்காட்டாக ஷட்டில்வேர்த்தின் ஹைன்ட் இன்று கே5414 என்ற இலக்கத்தைத் தாங்குகிறது. எந்த விமானம் எப்போது எந்தப் படையணிக்குப் போனது என்பதற்கு அட்டைகள் இருந்தன. விபத்துகளுக்கு வேறு அட்டைகள். படையணிகளின் நாளாந்தப் பதிவேடுகள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏ.ஐ.ஆர். 27’ என்ற தொகுதியில் உள்ளன. 273ஆம் படையணியின் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.

காகிதத்துக்கு இணையானது முதியவர் பேச்சு. ஆனால் கேட்கும் விதம் வேண்டும். ‘விமானம் விழுந்ததா?’ என்று கேட்டால் ‘ஓம்’ என்பார்கள், நீங்கள் கேட்டதற்காக. ‘உங்கள் வாப்பா காலத்தில் வட்டையில் மாடு மேய்க்கப் போன இடத்தில் வழக்கத்துக்கு மாறான இரும்பு ஏதும் கிடந்ததா? வண்டிக்கோ கலப்பைக்கோ எடுத்தார்களா?’ என்று கேளுங்கள். ‘ஆகாயக் கப்பல்’ என்ற பழைய சொல்லையும் பயன்படுத்துங்கள். விமானம் என்றால் அவர்களுக்கு 1980களுக்குப் பிந்திய நினைவுதான் முதலில் எழும். அம்பாறைக் காடுகளில் தனியாகத் தேடி அலைவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். யானையும் உண்டு, வெடிக்காத குண்டும் உண்டு.

சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகர்: பத்தில் ஒன்பது பங்கு புதிதாகச் செய்த விமானத்தைப் ‘புதுப்பித்தது’ என்று சொல்வது ஏமாற்று அல்லவா?

மறைத்தால் ஏமாற்று. எது பழையது, எது புதியது என்று பாகம் பாகமாகப் பதிவு வைத்துச் செய்தால் இல்லை. பறக்கப் போகும் விமானத்தில், எழுபது ஆண்டு கறள் பிடித்த குழாயை அசல் என்பதற்காகப் பூட்டி விமானியை ஏற்றுவதை எந்தப் பரிசோதகரும் அனுமதிக்கமாட்டார்.

என் விருப்பத்தைக் கேட்டால், லண்டன் ஹென்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போன, கிளாடியேற்றர் என்னும் இரட்டை இறக்கைப் போர் விமானம் என்.5628ஐச் சொல்வேன். 1940 ஏப்ரலில் நோர்வேயில் உறைந்த லெஸ்யாஸ்கோக் ஏரியின் பனியையே ஓடுபாதையாக்கி இறங்கிய 263ஆம் படையணியின் விமானங்களில் ஒன்று அது. ஜெர்மன் குண்டுவீச்சில் அவை சில நாட்களிலேயே அழிந்தன. பனி உருகியபோது ஏரிக்குள் போயின. 1968இல் எடுத்த அதன் முன்னுடலை மெருகூட்டாமல் எடுத்தபடியே காட்சிக்கு வைத்தார்கள். முழுமையாகப் பளபளக்கும் வேறு கிளாடியேற்றர்கள் உண்டு, அவற்றில் சில பறக்கவும் செய்கின்றன. ஆனால் அந்த முறுக்கிய குழாய்கள் சொல்வதை அவை சொல்லமாட்டா.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்: இலங்கையில் இவற்றைப் பார்க்க இடமுண்டா?

இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஆனால் நமது விமானப்படை 1951இல் தொடங்கியது. அங்குள்ள ‘போல்ரன் போல் பலியல்’ என்ற பயிற்சி விமானம் போன்றவை ஒற்றை இறக்கைக் காலத்தவை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஓடாவி: வள்ளம் கட்டுபவன் விமான இறக்கை கட்ட முடியுமா?

கை பழகியிருக்கிறது, கண் பழக வேண்டும். ரைகர் மொத் போன்ற விமானங்களின் இறக்கைச் சட்டம் ஸ்புரூஸ் மரம். அதில் நார் சட்டத்தின் நீளத்துக்கு இணையாக ஓட வேண்டும். பதினைந்து அங்குலத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் பலகையை ஒதுக்கிவிடுவார்கள். இரு துண்டை ஒட்ட, தடிப்பைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் செதுக்கிப் பொருத்துவார்கள். வள்ளத்தில் நீங்கள் சாய்வொட்டுப் போடுவதைவிட நீளமாக இருக்கும் என நினைக்கிறேன். அக்காலப் பசை பாலிலிருந்து எடுத்த கேசீன்; ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து விட்டுவிடும். பழைய இறக்கையைத் திறப்பவர் முதலில் மூக்கைத்தான் பயன்படுத்துவார். புளித்த வாடை வந்தால் உளியை எடுக்கலாம்.